பிள்ளை பிறந்து ஒன்பது நாள்: மார்பைப் பிடிக்கிறாள், ஆனால் பால் போதவில்லையோ என்று பயமாக இருக்கிறது

படுவான்கரைத் தாய் (கேள்வி)

எனக்கு வயது 27. இது முதல் பிள்ளை. சிசேரியன் மூலம் பெண் குழந்தை பிறந்து இன்றைக்கு ஒன்பதாவது நாள். பிறக்கும்போது 2,950 கிராம் இருந்தவள், ஐந்தாம் நாள் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தபோது 2,700 கிராம் இருந்தாள். பிறந்த பிள்ளைகள் முதலில் கொஞ்சம் மெலிவது வழமைதான் என்று அவர் சொன்னார். ஆனாலும் அந்த 250 கிராம் அன்றிலிருந்து என் நெஞ்சிலேயே நிற்கிறது.

பிள்ளையை மார்பில் வைத்தால் நாற்பது நிமிடம் வரையில் வாயை எடுக்காமல் கிடக்கிறாள். அதற்குள் உறங்கிவிடுகிறாள். கீழே கிடத்திப் பத்து நிமிடம் ஆவதற்குள் வீரிட்டு அழுகிறாள். மறுபடியும் மார்பு, மறுபடியும் உறக்கம், மறுபடியும் அழுகை என்று இரவு முழுவதும் போகிறது. வலியைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வயிற்றுத் தையலைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். அவள் வாய் வைக்கும் அந்த முதல் நொடியில் கால்விரல்கள் மடங்கிப் போகின்றன. வாயை எடுக்கும்போது பார்த்தால், வெற்றிலைக் காம்பைக் கடித்துத் துப்பியதுபோல முலைக்காம்பு ஒரு பக்கம் சப்பையாகிக் கிடக்கிறது. இடது பக்கத்தில் வெடித்து இரத்தமும் கசிந்தது.

எங்கள் வழக்கப்படி நான் தாய்வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா ஒருநாளும் தவறாமல் பால்சுறா வறையும் முருங்கையிலையும் அவித்த உள்ளியும் தந்து பார்த்துக்கொள்கிறார். ஆனால் பிள்ளை அழும் ஒவ்வொரு தடவையும் "பால் இல்லை போல" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்கள். கச்சான் காற்று வீசுவதால் பிள்ளைக்குத் தொண்டை வறளும், இரண்டு சொட்டுத் தண்ணீர் கொடு என்று அம்மம்மா கேட்கிறார். மாமி நேற்றுப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி இக்கரைக்கு வந்து, கையோடு ஒரு டின் பால்மாவும் சூப்பிப் போத்தலும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்பினால்தான் வாங்கி வந்தார். ஆனால் அந்த டின்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது.

வைத்தியசாலையில் இருந்த நாட்களில் விடுதி நிறைந்திருந்தது. பிள்ளையை மார்பில் வைத்து, "பிடிக்கிறாள்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். யாரும் பக்கத்தில் இருந்து ஒரு தடவையாவது முழுமையாகப் பார்க்கவில்லை.

நேற்று அவள் ஐந்து தடவை சிறுநீர் கழித்தாள், இரண்டு தடவை மஞ்சளாக மலம் போனாள். உண்மையில் எனக்குப் பால் குறைவா? டின்னைத் திறக்கட்டுமா? எல்லாத் தாய்மாருக்கும் இயல்பாக வருவது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

கல்முனை உம்மா

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு என் மூத்த மகனின் முதல் பதினைந்து நாட்களை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். இயல்பாக வரும் என்று நம்மிடம் சொன்னவர்கள் எல்லோரும் தங்களுடைய முதல் வாரத்தை மறந்துபோனவர்கள். தாய்க்கும் இது புதுப் பழக்கம், பிள்ளைக்கும் புதுப் பழக்கம்; இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இருந்த பிரச்சினை வேறு. முலைக்காம்பு உள்ளடங்கித் தட்டையாக இருந்ததால் அவனால் பிடிக்கவே முடியவில்லை. எங்கள் உம்மா, "நம்முடைய பரம்பரையிலேயே இப்படி ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கடைசியில் பாலூட்டலுக்கென்றே இருக்கும் வைத்தியசாலைப் பிரிவில் ஒரு தாதி மிஸ் 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, ஊசி பொருத்தும் முனையை அறுத்துவிட்டு, உள்ளே ஓடும் தண்டை அறுத்த பக்கத்தால் செலுத்தி, வழவழப்பான மறுபக்கத்தை மார்பில் வைத்து மெதுவாக இழுக்கக் காட்டித் தந்தார். அரை நிமிடம், கூடினால் ஒரு நிமிடம், பால் கொடுப்பதற்குச் சற்று முன்னர் அப்படிச் செய்வேன். வலித்தால் உடனே இழுப்பைத் தளர்த்த வேண்டும். மூன்றாம் நாளில் அவன் பிடித்தான். உங்களுக்குப் புண் இருப்பதால் நீங்கள் இதைச் செய்யச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து காட்டித்தர ஒருவர் வாய்த்தால் எவ்வளவு மாறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தண்ணீர் மட்டும் கொடுக்க விடாதீர்கள். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். கச்சான் எவ்வளவு அடித்தாலும் அதற்குமேல் அந்தச் சின்ன வயிற்றுக்குத் தேவையில்லை. பசியை மறக்கடித்துப் பாலைக் குறைப்பதுதான் அந்தத் தண்ணீர் செய்யும் வேலை. அம்மம்மாவிடம் மென்மையாகச் சொல்லுங்கள். தாகமாக இருக்கிறாள் என்றால் மார்பில் வைக்கிறேன் என்று சொன்னால் அவரும் சமாதானமாவார்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், களுவாஞ்சிக்குடி

மகள், உங்கள் எழுத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது டின்னும் இல்லை, 250 கிராமும் இல்லை; அந்தக் கடித்துத் துப்பிய வெற்றிலைக் காம்புதான். முலைக்காம்பு சப்பையாகி வெளியே வருகிறதென்றால், பிள்ளை மார்பைப் பிடிக்காமல் காம்பை மட்டும் பிடித்துத் தன் அண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையில் நசுக்குகிறாள் என்று பொருள். அப்படிக் குடித்தால் உங்களுக்கு வலிக்கும், அவளுக்குப் பாலும் சரியாக வராது, களைத்து உறங்கிவிடுவாள், பசியோடு எழும்பி அழுவாள். நீங்கள் எழுதிய நான்கு துன்பங்களும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

ஆகவே முதலில் பிடிப்பைத் திருத்துங்கள். சிசேரியன் தையல் இருப்பதால் பிள்ளையை வயிற்றின்மேல் வைக்காமல், பக்கவாட்டில் ஒரு தலையணையின்மேல் கிடத்தி, அவளுடைய உடல் உங்கள் கக்கத்துக்குள்ளும் கால்கள் உங்கள் முதுகுப் பக்கமும் போகும்படி வைத்து, கழுத்தையும் தோளையும் உள்ளங்கையால் தாங்குங்கள். தலையின் பின்புறத்தை அழுத்த வேண்டாம். அழுத்தினால் பிள்ளை பின்னுக்கு நெளியும். காம்பு அவளுடைய வாய்க்கு நேரே இல்லாமல் மூக்குக்கு நேரே இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டுக்கொண்டு பொறுத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல வாய் ஆவென்று திறக்கும் அந்த நொடியில், மார்பைக் குனிந்து பிள்ளையிடம் கொண்டுபோகாமல், பிள்ளையை மார்புக்குச் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். நாடி (முகவாய்) மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மலர்ந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் மேற்பகுதி கூடுதலாகவும் கீழ்ப்பகுதி குறைவாகவும் வெளியே தெரிந்தால் பிடிப்புச் சரி. முதல் சில உறிஞ்சல்களுக்குப் பின்னும் வலி நின்றால், இழுத்து எடுக்காமல், கழுவிய சின்னிவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடியும் வைக்க வேண்டும். ஐந்து தடவை வைக்க நேர்ந்தாலும் ஐந்து தடவையும் அதே பொறுமையோடு வையுங்கள்.

அவள் பால் விழுங்குகிறாளா என்பதைக் காதால் அறியலாம். தொடக்கத்தில் வேகமாகச் சப்புவாள். பால் இறங்கியதும் சப்பல் மெதுவாகி, நாடி ஆழமாக இறங்கி, மெல்லிய "க்க" என்ற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்று வெறும் சப்பல் மட்டும் நடந்தால், மார்பைக் கையால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், பால் மறுபடி இறங்கும். அதற்கும் விழுங்காவிட்டால் மற்றப் பக்கத்துக்கு மாற்றுங்கள். நாற்பது நிமிடம் கிடந்தாள் என்பது கணக்கில்லை, எவ்வளவு நேரம் விழுங்கினாள் என்பதுதான் கணக்கு. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும். இரவுப் பாலை விடக்கூடாது. பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் என்ற ஓமோன் இரவில்தான் அதிகமாக இருக்கும்.

இனி, பால் போதுமா என்ற கேள்வி. அழுகை அதற்கு அளவுகோல் இல்லை. சிறுநீரும் நிறையும்தான் அளவுகோல். ஐந்தாறு நாட்களைக் கடந்த பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிறிய நிறத்தில் சிறுநீர் கழிக்க வேண்டும். பம்பஸ் கட்டினால் கணக்குத் தெரியாது. பகலிலாவது பழைய சீலைத் துணி கட்டி எண்ணுங்கள். பிள்ளைகள் பிறந்த நிறையில் 7 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை இழப்பதுண்டு. உங்கள் மகள் இழந்தது எட்டரை சதவீதம் அளவில். பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கில் அவள் ஆபத்தில் இல்லை, ஆனால் ஓரத்தில் நிற்கிறாள். சிறுநீர் ஐந்து தடவை என்பதும் எனக்குப் போதவில்லை. அதனால் அடுத்த கிளினிக் நாள் வரையில் காத்திருக்காமல், நாளைக் காலையிலேயே உங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்துப் பிள்ளையை மறுபடியும் நிறுக்கச் சொல்லுங்கள். முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வருவது அவருடைய கடமைக்குள் அடங்கும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நான் வேலை செய்த காலத்தில், கேட்ட தாய்மாரை விட, கேட்காமல் இருந்த தாய்மாரை நினைத்துத்தான் எனக்கு உறக்கம் கெட்டது.

அதுவரையில் ஒவ்வொரு தடவையும் மார்பில் கொடுத்து முடிந்ததும் கையால் பால் பீச்சி, சிறிய கோப்பையால் கொடுங்கள். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் கருவட்டத்துக்குச் சற்று வெளியே எதிரெதிராக வைத்து, நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்திப் பிறகு ஒன்றையொன்று நோக்கி நெருக்க வேண்டும்; தோலில் வழுக்கிக்கொண்டு காம்பை நோக்கி இழுத்தால் வலிதான் மிஞ்சும். கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் தொட வைத்தால் பிள்ளை தானே நாக்கை நீட்டிக் குடிக்கும், வாயில் ஊற்ற வேண்டாம். பீச்சிய பாலை வெளியில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நமது வெக்கையில் அதற்கும் முன்னரே கொடுத்துவிடுவது நல்லது. புண்ணின்மேல் கடைசியாக வரும் பாலைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள்.

உங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். நமது நாட்டில் 2016 இல் எடுத்த குடிசன, சுகாதார அளவீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் இரண்டாம் வாரத்தில் இதே கேள்வியோடு என் சைக்கிளை மறித்தார்கள் என்பதை அவர்களுடைய வீட்டுப் படலைகளுக்குத்தான் தெரியும்.

திருக்கோவில் அக்கா

களுவாஞ்சிக்குடி மிஸ் சொன்னதற்கு மாறாக நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டின் பால் என்றாலே பாவம் என்பதுபோல ஒரு தாய் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2021 இல் என் மகன் பிறந்தபோது எல்லோரும் "தாய்ப்பால் போதும், போதும்" என்றே சொன்னார்கள். அதை நானும் வேதமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் பால் உள்ளே போகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆறாம் நாள் அவன் அழுவதை நிறுத்தினான். பிள்ளை அமைதியாகிவிட்டான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். துணியில் செங்கல் தூள் போன்ற நிறத்தில் சிறுநீர் பட்டிருந்தது, உள்ளங்கால் வரையில் மஞ்சள் ஏறியிருந்தது. காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நாளை வீணாக்கினோம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது நிறையில் 12 சதவீதம் குறைந்து, உடலில் நீர் வற்றி இருந்தான். வைத்தியர் சில நாட்களுக்கு அளவு சொல்லிப் பால்மா கொடுக்கச் சொன்னார். கூடவே இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்னைப் பால் பீச்சவும் வைத்தார். பத்து நாளில் பால்மாவை முழுதாக நிறுத்தினோம். அவன் இரண்டு வயது கடந்தும் என்னிடம் குடித்தான். அந்தப் பத்து நாள் பால்மா அவனை எனக்குத் திருப்பித் தந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பிள்ளை எழுப்பினாலும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், மார்பை வைத்தாலும் சப்பாவிட்டால், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், மஞ்சள் கைகால்களுக்கு இறங்கினால், காய்ச்சல் வந்தால், இங்கே வந்து கேள்வி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இரவு எத்தனை மணியானாலும் போய்விடுங்கள்.

படுவான்கரைத் தாய்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கக்கத்துக்குள் வைத்துக் கொடுக்கும் முறையில் முயன்றேன். நான்காவது தடவையில் அந்த "க்க" சத்தம் கேட்டது. அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டார், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பீச்சியபோது 15 மில்லிலீற்றர் மட்டுமே வந்தது, அதைக் கோப்பையில் கொடுத்தேன். இவ்வளவு குறைவாக வருவதால் மார்பில் பால் இல்லை என்று பொருளா? கணவர் சிறுபோக வேளாண்மை வேலையில் வயலில் நிற்கிறார், இரவில் நானும் அம்மாவும் மட்டும்தான். சில நேரம் காரணமே இல்லாமல் கண்ணீர் வருகிறது.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், களுவாஞ்சிக்குடி

மகள், பீச்சி வரும் அளவு மார்பில் உள்ள பாலின் அளவு இல்லை. பிள்ளை குடித்து முடித்த பிறகு, பழகாத கைக்கு 15 மில்லிலீற்றர் வந்தது நல்ல செய்திதான். பால் எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், மார்பில் தேங்க விட்டால் சுரப்புக் குறையும். நீங்கள் சாப்பிடும் பால்சுறாவையும் முருங்கையிலையையும் நான் தடுக்கமாட்டேன். உங்களுக்கு நல்ல உணவு, அம்மாவுக்கு மனநிறைவு. ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளையின் சரியான பிடிப்பும் அடிக்கடி கொடுப்பதும்தான்.

கண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரத்துக்குள் வந்து தானாகப் போகும் கலக்கம் பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. அதற்குப் பின்னும் நீடித்தால், பிள்ளையின்மேல் மனம் ஒட்டவில்லை என்றாலோ, உறங்கக் கிடைத்தும் உறக்கம் வரவில்லை என்றாலோ, கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கமும் இருக்கிறது. உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் ஆகட்டும் என்று பார்க்க வேண்டாம். உடனே அம்மாவிடம் சொல்லி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், வயலால் வந்ததும் குளித்துவிட்டுப் பிள்ளையை இரண்டு மணித்தியாலம் அவர் வைத்திருந்தால் நீங்கள் அந்த இரண்டு மணித்தியாலமும் உறங்கலாம்.

படுவான்கரைத் தாய்

மகளுக்கு இன்றைக்கு இருபத்தோராம் நாள். பத்தாம் நாள் நிறுத்தபோது 2,720 கிராம் இருந்தாள். எங்கள் பகுதிக் குடும்பநல மிஸ் அன்றைக்கு முக்கால் மணித்தியாலம் என் பக்கத்தில் இருந்து, நாக்கின் அடியையும் தூக்கிப் பார்த்து, அதில் குறையில்லை என்று சொல்லி, பிடிப்பை இரண்டு பக்கமும் திருத்தித் தந்தார். பீச்சிய பாலையே கோப்பையில் கொடுக்கச் சொல்லி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை நிறுத்துப் பார்த்தார். பதினான்காம் நாள் பிறந்த நிறையை எட்டவில்லை. 2,840 கிராம்தான் இருந்தாள். ஆனால் கூடிக்கொண்டு வருவதால் இப்படியே போகலாம் என்று வைத்தியரிடமும் காட்டி உறுதிப்படுத்தினார். இன்று காலையில் 3,050 கிராம். கிளினிக் கொப்பியில் அந்தப் புள்ளியை வைக்கும்போது அவருடைய பேனை கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

டின் திறக்கப்படவில்லை. திருக்கோவில் அக்கா எழுதியதை வாசித்த பிறகு அதைப் பார்த்து அழுவதும் நின்றுவிட்டது. தேவை வந்திருந்தால் வைத்தியரிடம் கேட்டுத் திறந்திருப்பேன். மாமி வந்தபோது, பிள்ளை விழுங்கும் சத்தத்தைக் கேட்கச் சொல்லிக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய் எனக்கு உள்ளி உரித்தார்.

இடது பக்கத்துப் புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. விடியற்காலையில் முதல் தடவை கொடுக்கும்போது மட்டும் எரிகிறது, பிறகு குறைந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை கிளினிக்கில் அதையும் காட்டவிருக்கிறேன்.